சோலார் பம்ப்பும் எங்கள் பெரியப்பா தோட்டமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் இயந்திரவியல் துறை மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பம்ப் துறையில் முப்பது வருஷம் இருக்கிறாய், சோலார் பம்ப் பற்றி இருபது நிமிஷம் பேசு" என்றார். சரி என்றேன். ஆனால் பம்ப்பின் பெருமையைப் பேச நான் வரவில்லை. அதற்கு விளம்பரப் புத்தகங்கள் இருக்கின்றன. நான் பேச வந்தது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி.

நம் ஹைட்ராலிக்ஸ் லேப் ஞாபகம் இருக்கிறதா? தொட்டி, வி-நாட்ச், ஸ்டாப் வாட்ச். சென்ட்ரிஃபியூகல் பம்ப்பை வெவ்வேறு வேகத்தில் ஓட்டி, தலை எவ்வளவு, நீர் எவ்வளவு என்று வளைகோடு வரைய வேண்டும். நாங்கள் நான்கு பேர் ஒரு செட். முதல் இரண்டு ரீடிங் எடுப்போம். மற்றதை சீனியரின் ரெக்கார்டைப் பார்த்து "சமைத்து" விடுவோம். வளைகோடு அழகாக வரும். பத்துக்கு ஒன்பது மார்க். அன்று எடுக்காத ரீடிங்குக்கு 2015-ல் எங்கள் பெரியப்பா விலை கொடுத்தார்.

பெரியப்பாவுக்குக் காங்கயம் பக்கத்தில் தோட்டம். 140 தென்னை. 620 அடி போர், ஆறரை இஞ்சு. கரண்ட் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தார். தமிழ்நாட்டில் இருபது லட்சத்துக்கு மேல் விவசாய மின் இணைப்புகள் உண்டு, மின்சாரமும் இலவசம். ஆனால் வரிசையில் நிற்கிறவனுக்கு அதனால் என்ன லாபம்? டீசல் என்ஜினும் கம்ப்ரசருமாக ஓட்டிக்கொண்டிருந்தவரிடம், "பெரியப்பா, சோலார் போட்டுரலாம், நான் பாத்துக்கறேன்" என்றேன். பெரியம்மாவின் நகையை வைத்துப் பணம் புரட்டினார். வீட்டுக்குள்ளேயே எஞ்சினியர் இருக்கிறான், வெளியே யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று அவருக்குப் பெருமை.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "போர் போடும்போது எத்தனை இஞ்சு தண்ணி?" "ரெண்டரை இஞ்சுன்னு சொன்னாங்க கண்ணு." போர் போட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. அந்த ரெண்டரை இஞ்சை வைத்துக்கொண்டு 5 எச்.பி. நீர்மூழ்கிப் பம்ப், 300 வாட்ஸ் பேனல் பதினாறு, ஆக 4800 வாட்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். பம்ப்பை 450 அடியில் இறக்கினோம். நிலை நீர்மட்டம் 180 அடி. முதல் நாள் குழாயில் தண்ணீர் பாய்ந்தபோது பெரியம்மா கற்பூரம் ஏற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசிக்கவில்லை.

மாணவர்கள் இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ளலாம். ஆறரை இஞ்சு போரில் ஒரு அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை லிட்டர் நிற்கும். 180 அடியிலிருந்து 450 அடி வரை 270 அடி. பெருக்கினால் 1750 லிட்டர். நல்ல வெயிலில் என் பம்ப் மணிக்கு 6000 லிட்டருக்கு மேல் இழுத்தது. பாறை இடுக்கிலிருந்து ஊறி வந்ததோ மணிக்கு 1800 லிட்டர். அரை மணி நேரத்தில் போர் காலி. நாங்கள் கற்பூரம் காட்டியது ஊற்றுக்கு அல்ல, ராத்திரி முழுக்கச் சேர்ந்து நின்ற தண்ணீருக்கு.

அதற்குப் பிறகு நடந்ததும் நம் லேப் சமாசாரம்தான். சென்ட்ரிஃபியூகல் பம்ப்பில் வேகம் குறைந்தால் நீரின் அளவு அதே விகிதத்தில் குறையும், தலை வேகத்தின் வர்க்கத்தில் குறையும், எடுக்கும் சக்தி கனத்தில் குறையும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். தோட்டத்தில் அதற்கு அர்த்தம் என்ன? முழு வேகத்தில் 160 மீட்டர் தள்ளக்கூடிய பம்ப் 70 சதவீத வேகத்தில் 78 மீட்டர்தான் தள்ளும். தண்ணீர் 107 மீட்டரில் கிடக்கிறதென்றால், காலை இளவெயிலில் பம்ப் சுற்றும், சத்தம் வரும், சொட்டுத் தண்ணீர் வராது. கரண்ட்டில் ஓடும் பம்ப்புக்கு இந்தச் சங்கடம் இல்லை. ஓடினால் முழு வேகம், இல்லாவிட்டால் நிற்கும். சூரியன் அப்படிச் சுவிட்ச் போட்ட மாதிரி வருவதில்லை, ஏறி இறங்குகிறது. ஆக, ஒன்பதரை மணி வரை வெறும் சுழற்சி. பத்து மணிக்கு வெள்ளம் மாதிரி ஒரு பாய்ச்சல். பத்தரைக்குப் போர் வறண்டு, கண்ட்ரோலரில் உலர் ஓட்டப் பாதுகாப்பு பம்ப்பை நிறுத்தும். அரை மணி கழித்துத் தானாக ஓடும், மறுபடி நிற்கும். நாள் பூரா இதே கூத்து.

2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தையே வறட்சி பாதித்ததாக அறிவித்தார்கள், நினைவிருக்கும். பெரியப்பா போன் செய்தார்: "கண்ணு, மோட்டார் ஓட ஓட நின்னுக்குது. என்னனு பாரு." சென்னையிலிருந்து நான் போனிலேயே ஃபிட்டரிடம் சொன்னேன்: "அந்த சென்சார் வயரைக் கழட்டி விட்டுருங்க, சும்மா ட்ரிப் ஆகுது." சொன்னவன் நான்தான். ஃபிட்டர் ஒரு தடவை தயங்கினார். "சார், அது இருக்கட்டுமே" என்றார். எஞ்சினியர் சொன்னால் அவர் என்ன செய்வார்? கழற்றினார். பதினோரு நாளில் மோட்டார் போயிற்று. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர வைப்பதும், பம்ப்பின் புஷ்களுக்கு மசகு போடுவதும் சுற்றி ஓடும் தண்ணீர்தான். அது இல்லாமல் வெறுமனே சுழன்றால் எந்தக் கம்பெனி மோட்டாரும் தாங்காது.

புது மோட்டாருக்குப் பணம் இல்லை. லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினார். 140-ல் 46 மரம் போயிற்று. தென்னை சாவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே நாளில் சாகாது. மட்டை தொங்கும், குரும்பை கொட்டும், கடைசியில் உச்சி ஒடிந்து விழும். நான் போய் நின்றபோது பெரியப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பம்ப்பப் பத்தி அத்தன சொன்னியே கண்ணு, போரப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே" என்றார். பெரியம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். காது வெறுமையாக இருந்தது.

அன்றைக்குத்தான் நான் பம்ப் படிக்க ஆரம்பித்தேன் என்று சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன பம்ப்பை வாடகைக்கு எடுத்து, 200 லிட்டர் பீப்பாயும் ஸ்டாப் வாட்சும் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீர்மட்டம் அளந்தேன். இந்தத் தடவை எந்த ரீடிங்கையும் சமைக்கவில்லை. மட்டம் 350 அடிக்கு இறங்கி அங்கேயே நின்றது. அந்த நிலையில் மணிக்கு 1800 லிட்டர் வந்துகொண்டே இருந்தது. தேவையானவை இந்த இரண்டு எண்கள்தான். போர் ஆழம் 620 அடி என்பதும், பம்ப் இறக்கிய ஆழம் 450 அடி என்பதும் சக்தியைத் தீர்மானிப்பதில்லை. ஓடும்போது தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்துதான் தூக்குகிறோம்.

ஆயிரம் லிட்டரை ஒரு மீட்டர் தூக்க 2.7 வாட்-மணி போதும். இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 350 அடி என்பது 107 மீட்டர், மேல் தொட்டி உயரமும் குழாய் உராய்வும் சேர்த்து 115 மீட்டர். நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர் வேண்டும். மிச்சமிருந்த 94 மரத்துக்குச் சொட்டு நீரில் மரத்துக்கு நூறு லிட்டர் என்று வைத்த கணக்கு. 10 × 115 × 2.7, சுமார் 3100 வாட்-மணி. பம்ப்பும் மோட்டாரும் பாதியைத் தின்றுவிடும், ஆகவே 6200. வெயில் நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமாகக் கிடைக்கும் என்றும், சூட்டிலும் தூசியிலும் கால்வாசி போகும் என்றும் வைத்தால், 1700 வாட்ஸ் பேனல். பேனல் சூடானால் திறன் குறையும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் போகும். சித்திரை வெயிலில் பேனல் 60 டிகிரிக்குப் போனால் 14 சதவீதம் காலி. பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸ் காங்கயத்து வெயிலில் கிடைக்காது.

நான் போட்டிருந்தது 4800. ஏழு பேனலை மட்டும் போருக்கு ஒதுக்கினேன், 2100 வாட்ஸ். பம்ப் வகையையும் மாற்றினேன். திருகு போன்ற ஒரு எஃகுத் தண்டு ரப்பர் உறைக்குள் சுழலும் ஹெலிகல் ரோட்டர் பம்ப். பிரான்ஸ் நாட்டு ரெனே முவானோ 1930-களில் கண்டுபிடித்தது. அதன் குணம் என்னவென்றால், பாதி வேகத்தில் ஓடினால் பாதித் தண்ணீர் கொடுக்கும், ஆனால் அதே உயரத்துக்குக் கொடுக்கும். காலை எட்டரைக்கே சொட்ட ஆரம்பித்துவிடும். கண்ட்ரோலரில் உச்ச வேகத்தைக் கட்டி, மணிக்கு 1500 லிட்டருக்கு மேல் எடுக்க முடியாதபடி செய்தேன். ஊறுவது 1800, எடுப்பது 1500. போர் வறளாது. பேனலைத் தாராளமாகவும் பம்ப்பைச் சிறிசாகவும் வைத்தால், லேசான மேகத்திலும் அந்த 1500 வந்துகொண்டிருக்கும். மீதி ஒன்பது பேனலில் தொட்டியிலிருந்து சொட்டு நீர்க் குழாய்க்கு அழுத்தம் கொடுக்க ஒரு தரைமட்டப் பம்ப். பேட்டரி கிடையாது. தொட்டிதான் பேட்டரி.

இந்தத் திருகுப் பம்ப்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் இல்லாமல் சில நிமிஷம் ஓடினாலே உள்ளே இருக்கும் ரப்பர் கருகிவிடும். சென்சார் வயரை நானே மாட்டினேன். ஃபிட்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இதை வைத்துக்கொண்டு, எல்லா இடத்திலும் திருகுப் பம்ப்தான் என்று கிளம்பிவிடாதீர்கள். அதுவும் என் பழைய தப்பு மாதிரிதான். ஒவ்வொரு தண்ணீருக்கும் ஒரு சுபாவம்.

நம் பேட்ச் நண்பர் ஒருவருக்கு மன்னார்குடிப் பக்கம் நெல் வயல். அங்கே வடிமுனைக் குழாய்க் கிணறு, அவர்கள் பாஷையில் ஃபில்டர் பாயிண்ட். தண்ணீர் சில மீட்டரிலேயே இருக்கும். உயரம் குறைவு, அளவு அதிகம். ஒரு ஏக்கரில் ஒரு இஞ்சு தண்ணீர் கட்ட ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். இந்த இடத்தில் திருகுப் பம்ப் வைத்தால் நடவு முடிவதற்குள் அறுவடை வந்துவிடும். மூன்று எச்.பி. சாதா சென்ட்ரிஃபியூகல் மோனோபிளாக், மூவாயிரம் வாட்ஸ் பேனல். எட்டு மீட்டர் மொத்த உயரத்துக்கு நல்ல வெயிலில் நாளைக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் தாராளம். அங்கே வரும் சிக்கல் உறிஞ்சு உயரம். காற்றழுத்தம் தள்ளுவதுதான் உறிஞ்சுதல். ஏட்டுக் கணக்கு 10.3 மீட்டர், நடைமுறையில் ஆறு, ஏழு. கோடையில் மட்டம் அதற்குக் கீழே போனதும் குழி வெட்டிப் பம்ப்பை உள்ளே இறக்குவார்கள். ஐப்பசி அடை மழையில் குழி நிரம்பி மோட்டார் மூழ்கும். குழாய் விட்டம் இடம் கொடுத்தால் நீர்மூழ்கிக்கு மாறுங்கள், இல்லாவிட்டால் மழைக்கு முன் மேலே ஏற்ற சங்கிலிக் கப்பியாவது போடுங்கள் என்று சொன்னேன். கப்பி போட்டார். போன ஐப்பசியில் ஏற்ற மறந்துவிட்டார். அது வேறு கதை, மனுஷர் இங்கேதான் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

திறந்த வெளிக் கிணறுகளில் கஷ்டம் வேறு. தர்மபுரிப் பக்கம் பார்த்தேன்: மழைக்காலத்தில் எட்டிப் பிடிக்கிற தண்ணீர், பங்குனியில் ஐம்பது அடிக்குக் கீழே. திட்டில் மோட்டார் வைத்தால் ஒன்று மூழ்கும், இல்லையென்றால் எட்டாது. ஓபன்வெல் நீர்மூழ்கியைக் காற்றடைத்த பிளாஸ்டிக் பீப்பாய்களில் கட்டி மிதக்க விட்டோம். தண்ணீரோடு ஏறும், தண்ணீரோடு இறங்கும். அடியில் கிடக்கும் சேற்றை இழுக்காது. வளையும் குழாய், தளர்வாக விட்ட கேபிள், சுவரில் மோதாமல் இரண்டு பக்கம் கயிறு. செலவு அதிகமில்லை. ஏரி, வாய்க்காலுக்கும் இதே ஏற்பாடுதான் நல்லது. ஆனால் ஆகாயத்தாமரை வந்து அடைக்காதபடி சுற்றிலும் கூடை மாதிரி ஒரு வலை வேண்டும், வாரம் ஒரு தடவை அதை வழிக்க ஒரு ஆளும் வேண்டும். வலையை எல்லோரும் போடுகிறார்கள். ஆளைப் போடுவதில்லை.

கடற்கரையில் சூரியனின் மெதுவே ஒரு வரம். ராமநாதபுரம் மாதிரி மணல் பகுதியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் நல்ல தண்ணீர் என்பது பழைய கணக்கு. அதைத் திருப்பிப் படியுங்கள்: ஓங்கி இழுத்து மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் கீழிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறப் பார்க்கும். அங்கே ஆழமில்லாத கிணறும், நாள் முழுக்க மெல்ல மெல்ல எடுக்கும் சின்ன பம்ப்பும்தான் சரி. உடம்பு 316 ரக எஃகாக இருக்கட்டும். 304 விலை குறைவு, ஆனால் உவர் நீரில் அரித்துப்போகும்.

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக்காரர் சோலார் பம்ப்புக்கு விலை கேட்டார். போய்ப் பார்த்தால் வருஷம் முழுக்க வற்றாத ஓடை, நல்ல சரிவு, பாதி நாள் மூடுபனி. "ஐயா, உங்களுக்கு சோலார் வேண்டாம்" என்றேன். பிரான்ஸில் மான்ட்கோல்ஃபியர் 1796-ல் செய்த ஹைட்ராலிக் ராம், அதாவது ஓடும் தண்ணீரின் அதிர்ச்சியிலேயே தண்ணீரை மேலே ஏற்றும் சாதனம். இரண்டு மீட்டர் சரிவில் நூறு லிட்டர் ஓடினால் ஆறு லிட்டரை இருபது மீட்டர் ஏற்றிவிடும். மிச்சம் ஓடையிலேயே போய்ச் சேரும். கரண்ட்டும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், டக் டக் என்று ராத்திரியிலும் வேலை செய்யும். என் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் போயிற்று. மேலாளர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேனலுக்கு லட்சக் கணக்கில் செலவழித்துவிட்டுக் குழாயில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதே அளவு தண்ணீர் பாதி விட்டக் குழாயில் போனால் உராய்வு இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய முப்பது மடங்கு. அந்த முப்பது மடங்கையும் உங்கள் பேனல்தான் சுமக்க வேண்டும்.

2019-ல் மத்திய அரசின் பி.எம். குசும் திட்டம் வந்த பிறகு மானியம் கிடைக்கத் தொடங்கியது. மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம். நல்ல விஷயம். ஆனால் பயமாகவும் இருக்கிறது. டீசலுக்குக் காசு கொடுத்தவன் அளந்து இறைத்தான். வெயிலுக்குக் காசு இல்லை, அதனால் யாரும் அளப்பதில்லை. என்னிடம் வரும் விவசாயிகளில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் சொல்வது, "அஞ்சு எச்.பி. வேணுமுங்க." பக்கத்துத் தோட்டத்தில் அஞ்சு இருந்தால் இவருக்கு ஏழரை. கிணற்றை அளக்க வேண்டும், இரண்டு நாள் ஆகும் என்றால் முகம் சுருங்குகிறது. இரண்டு நாளில் வேறு ஒருவர் வந்து மாட்டிவிட்டுப் போய்விடுவார் என்று எனக்கும் தெரியும். போனவர்களும் உண்டு.

இறுதியாண்டு மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருப்பீர்கள். கல்லூரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டரில் எத்தனை கிணறு, எத்தனை போர் இருக்கும்? ஒரு பீப்பாய், ஒரு ஸ்டாப் வாட்ச், நீர்மட்டம் அளக்க ஒரு கயிறு. ஒவ்வொன்றுக்கும் பங்குனியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று என்று இரண்டு ரீடிங். அதை ஒரு நோட்டில் எழுதி அந்த வீட்டுக்காரரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். பீப்பாய் வாங்குகிற செலவை எங்கள் பேட்ச் ஏற்கும். இதை நண்பர்களைக் கேட்காமலேயே மேடையில் சொல்கிறேன், எதிர்ப்பு இருந்தால் கை தூக்கலாம். யாரும் தூக்கவில்லை, நன்றி.

பெரியப்பா 2021-ல் காலமானார். பெரியம்மாவின் நகையை 2019-லேயே மீட்டுவிட்டோம். அதில் பாதிக்கு மேல் நான் கட்டினேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை இல்லை, கட்ட வேண்டியது முழுசுமே நான்தான். அண்ணன் இப்போது தோட்டத்தைப் பார்க்கிறார். 94 மரமும் நிற்கின்றன. செத்த மரங்கள் இருந்த இடத்தில் புதுக் கன்று வைத்ததில் முப்பது தேறியிருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் நான் போய் ஊற்றை அளக்கிறேன். போன பங்குனியில் மணிக்கு 1650 லிட்டர்தான் வந்தது. 1500-ஐ 1300 ஆக்கிவிட்டு வந்தேன். அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

நீர்மட்டம் அளக்கிற கயிற்றைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன். 400 அடி, பத்தடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு பித்தளைக் குவளை. தண்ணீரைத் தொட்டதும் 'டொப்' என்று சத்தம் கேட்கும். ஹாஸ்டல் பின்னால் இருக்கும் கிணறு இன்னும் மூடப்படவில்லை என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறவர்கள் வாருங்கள்.